செல்ஃப் அடிக்குது, வண்டி எடுக்கல

சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்க மறுக்கிறது. அம்பாசடர் காலத்திலும் பட்டறைக்கு இந்தப் புகார்தான் வந்தது, இன்றும் வருகிறது. மெக்கானிக் முதலில் கை வைக்கும் இடம்தான் மாறிவிட்டது.

அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் முதல் சோதனை கண்ணுக்குத் தெரிவது. பிளக் ஒயரைக் கழற்றி, அதில் ஒரு மைக்கோ பிளக்கை மாட்டி, இன்ஜின் உடம்பில் தொடும்படி வைத்துவிட்டு, "செல்ஃப் அடிடா" என்று ஹெல்பர் பையனிடம் சொல்வார்கள். பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தால் கரண்ட் பக்கம் பழுதில்லை, பெட்ரோல் பக்கம் போகலாம். மஞ்சளாக மெலிந்து வந்தால் கண்டன்சர் மீதோ காயில் மீதோ சந்தேகம். பொறியே இல்லையென்றால் காயிலிலிருந்து வரும் நடு ஒயரைப் பார்ப்பார்கள். அங்கே இருந்து பிளக்கில் இல்லாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியோ உள்ளே சுழலும் ரோட்டரோ போயிருக்கும். அங்கேயும் இல்லாவிட்டால் பாயின்ட். கரிந்துபோன இரண்டு முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்கு வைக்க வேண்டும். ஃபீலர் கேஜ் கையில் இல்லாதவர் விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்தார். மழைக்காலத்தில் இவ்வளவுகூட வேண்டாம்; மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ஈரத்தை உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பாயின்ட்டைத் தேய்த்துக் கொடுக்க வேண்டிய வண்டி அப்படியொன்றும் பெருமைப்படத்தக்கதல்ல. ஆனாலும் ஒரு வசதி இருந்தது. கரண்டும் பெட்ரோலும் தனித்தனி வழியில் வந்தன. ஒன்றைச் சோதித்தால் மற்றதைத் தள்ளிவிடலாம்.

2000-ஐ ஒட்டி, இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் பரவியபோது அந்த இரண்டு வழிகளும் ஈ.சி.எம். என்ற ஒரே கணினிப் பெட்டிக்குள் போயின. பாயின்ட் செய்த வேலையை இப்போது கட்டைவிரல் அளவுள்ள கிராங்க் சென்சர் செய்கிறது. சுழலும் பல்சக்கரத்தைப் பார்த்து, இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று ஈ.சி.எம்.முக்குச் சொல்வது அதுதான். அந்தச் சிக்னல் வராவிட்டால் பெரும்பாலான வண்டிகளில் பொறியும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது, பெட்ரோல் பம்பும் நின்றுவிடும். பழைய கணக்கில் பார்ப்பவர் இரண்டு பழுது என்று குழம்புவார். உண்மையில் பழுது ஒன்றுதான். அதனால் இன்று முதல் கேள்வி, பொறி, பெட்ரோல் இரண்டில் ஒன்று இல்லையா, இரண்டுமே இல்லையா என்பது. இரண்டுமே இல்லையென்றால் கிராங்க் சென்சர், சாவியின் சிப்பைச் சரிபார்க்கும் இம்மொபிலைசர், மெயின் ரிலே, ஈ.சி.எம்.மின் எர்த் என்று பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

கருவி இல்லாமலும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். சாவியை 'ஆன்' நிலையில் மட்டும் வைத்தால், பல வண்டிகளில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஓரிரு விநாடி பம்பின் முனகல் கேட்கும். கேட்காவிட்டால் ஃப்யூஸைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் அதே நம்பரில் இருக்கும் ஹாரன் ரிலேயை மாற்றிச் செருகிப் பார்க்கலாம். டாஷ்போர்டில் சாவிப் படம் விடாமல் மின்னுகிறதென்றால் சந்தேகம் சாவி மீதே. உள்ளே சிப் இல்லாமல் தெருமுனையில் வெட்டிய டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கும், பல வண்டிகளில் செல்ஃபும் அடிக்கும். இன்ஜினை மட்டும் ஓட விடாது.

ஸ்கேனர் வந்ததும் எல்லாம் எளிதாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. பி0335 என்ற பழுதுக் கோடு திரையில் வந்தால் கிராங்க் சென்சரின் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் பொருள். சென்சர் செத்தது என்று அது சொல்லவில்லை. கனெக்டரில் பச்சை பூத்திருக்கலாம். நம்மூரில் எலி கடித்த ஒயராகவும் இருக்கலாம். நல்ல மெக்கானிக் கோடைப் படித்ததோடு நிறுத்தாமல், செல்ஃப் அடிக்கச் சொல்லித் திரையில் ஆர்.பி.எம்.மைக் கவனிக்கிறார். இருநூறை ஒட்டி எண் ஓடினால் சென்சர் உயிரோடு இருக்கிறது. செல்ஃப் சுற்றியும் எண் பூஜ்யத்திலேயே நின்றால்தான் மீட்டரை எடுத்து ஒயரைத் தேடுகிறார்.

சில பழுதுகள் தலைமுறை தாண்டி அப்படியே வந்திருக்கின்றன. சூட்டில் செத்து, ஆறியதும் உயிர்த்தெழும் காயிலுக்கு அந்தக் காலத்தில் ஈரத்துணி போட்டார்கள். இன்று அதே விளையாட்டைக் கிராங்க் சென்சர் ஆடுகிறது. கட்டி இழுத்துப் பட்டறை சேர்வதற்குள் ஆறி, ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடும். துருப்பிடித்த எர்த் ஒயரும் அன்றும் இன்றும் ஏமாற்றுகிறது. சும்மா அளந்தால் சரியாகக் காட்டும், செல்ஃப் அடிக்கும்போது அளந்தால்தான் அகப்படும்.

ஆனால் பழைய கைப்பழக்கம் சில இன்று ஆபத்து. ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சார்ஜ் வருகிறதா என்று பார்த்தவர்கள் உண்டு. இப்போது அப்படிச் செய்தால் எகிறும் வோல்டேஜில் ஈ.சி.எம். போகக்கூடும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்பைச் சென்சர் ஒயரில் குத்துவதும், எர்த் கொடுக்காமல் பொறி சோதிப்பதும் அதே வகை.

சந்தேகத்தின் பேரில் பாகத்தை மாற்றிப் பார்ப்பதும் இப்போது கட்டுப்படியாகாது. பாயின்ட் செட் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. சென்சர் அப்படியில்லை, மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்று போனால், எலக்ட்ரிக்கல் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது என்று ஸ்பேர்ஸ் கடைக்காரர் பில்லிலேயே அச்சடித்திருப்பார்.