திருகோணமலைத் துறையும் சந்தையும்

திருகோணமலைக்குச் செல்வோர் வழக்கமாகக் காணும் இடங்கள் சில உள. சுவாமி மலையிற் கோணேசர் கோயில், பிரெட்றிக் கோட்டை, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், பின்னர் மலைச் சரிவில் நின்று பார்க்கத்தக்க துறைமுகம். இவற்றைக் கண்டதும் ஊரைக் கண்டுவிட்டதாக எண்ணித் திரும்புவர். பட்டணத்தின் நடுவே, பேருந்து நிலையத்துக்கு அண்மையிலுள்ள சந்தைக்குள் நுழைவார் மிகச் சிலரே. ஆயினும், உலகப் புகழ் பெற்ற துறைமுகத்தை மடியில் வைத்திருக்கும் இவ்வூர் ஏன் ஒரு கொழும்பாகவோ சிங்கப்பூராகவோ வளரவில்லை என்ற கேள்விக்கு விடை தேடுபவர் முதலிற் போகவேண்டிய இடம் அச்சந்தையே.

காலை ஆறு மணிக்குப் போவது நலம். மீன் விற்கும் பக்கத்தில் அறுக்குளாவும் பாரையும் ஈரம் உலராமற் கிடக்கும். சூடையும் கீரி மீனும் கூறு கூறாக வைக்கப்பட்டிருக்கும். கூறுக்கு விலை பேசுவதன்றி நிறுத்து வாங்குவோர் சிறு மீனுக்குக் குறைவு. அப்பாற் கருவாடு. மரக்கறிப் பக்கத்தில் சின்ன வெங்காயமும் கத்தரியும் முருங்கையும், அவற்றோடு மலைநாட்டுக் கோவாவும் லீக்சும். வாயிலருகே மண் சட்டிகளில் எருமைத் தயிர் அடுக்கியிருக்கும். விலை பேசும் குரல் ஒரு மொழியில் நில்லாது. தமிழ்ப் பெண் சிங்களத்தில் எண்ணிச் சொல்வாள். சிங்களவர் தமிழிற் பேரம் பேசுவர். ‘அண்ணன்’, ‘நானா’, ‘மாத்தயா’ என்ற விளிகள் ஒரே கடையில் ஒரே நாழிகையிற் கேட்கும். இலக்கண ஆசிரியர் கேட்டால் முகம் சுளிப்பார். ஆயினும் இந்தக் கலப்புப் பேச்சைப் பள்ளிக்கூடம் எதுவும் இத்துணை விரைவிற் கற்பித்ததில்லை.

இப்பண்டங்களில் எவை கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கியவை என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். கோதுமை மா ஒன்றைச் சொல்லலாம். சீனன்குடாவில் 1980 முதல் இயங்கும் பிரீமா ஆலைக்குக் கப்பல்களிற் கோதுமை வருகின்றது. மற்றவற்றுள் மிகப் பெரும்பாலானவை துறைமுகத்தை அறியாதவை. அரிசி தம்பலகாமத்து வயல்களிலும் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் நிலங்களிலும் விளைந்தது. வெங்காயம் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணற்பாங்கான தோட்டங்களிலிருந்து வருவது. உப்பும் நிலாவெளியிலேயே விளைகின்றது. தயிர் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைப் பட்டிகளிலிருந்து வருவது. மலைநாட்டு மரக்கறி தம்புள்ளை வழியாக லொறியில் வந்து சேர்வது. துறைமுகத்தின் வாயிலில் நின்றுகொண்டே இச்சந்தை தன் முகத்தை வயலின் பக்கமே திருப்பி வைத்திருக்கின்றது.

மீனோ காற்றின் சொற்படி நடப்பது. கார்த்திகை தொடங்கி வாடை வீசும் மாதங்களில் வெளிக்கடல் கொந்தளிக்கும். அப்போது குடாக்களின் உள்ளே வலை விடுவோரே சந்தைக்கு மீன் தருவோர். கச்சான் காற்று வீசும் காலத்தில் மேற்குக் கரையிற் கடல் சீறுகின்றது. கிழக்குக் கரை அமைதியடைகின்றது. அப்போது நீர்கொழும்பு, சிலாபம் முதலிய ஊர்களின் மீனவர் குடும்பத்தோடும் வள்ளங்களோடும் கிழக்கே வந்து, சித்திரை முதற் புரட்டாதி வரை கரையோரங்களில் வாடி அமைத்துத் தங்குவர். இது பல தலைமுறை வழக்கம். ஆகவே சந்தையில் மீனின் விலை ஏறுவதையும் இறங்குவதையும் கொண்டே, நாட்காட்டி பாராமல், காற்று எத்திசையினின்று வீசுகின்றதென்று ஊரவர் சொல்லிவிடுவர்.

இனி அத்துறைமுகத்தை நோக்குவோம். ஏறத்தாழ 1,630 ஹெக்டேர் நீர்ப்பரப்பு, சுற்றிலும் குன்றுகள், எக்காற்றிலும் கப்பல் அஞ்சாமல் நங்கூரமிடத்தக்க ஆழம். பீரங்கிக் கப்பல்களுக்கு இதனினும் சிறந்த மறைவிடம் வங்கக் கடலோரத்தில் இல்லை. இதுவே ஊரின் பெருமையும் இடையூறும் ஆயிற்று. டேனியர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஐரோப்பியர் பலர் இதன்மேற் கண் வைத்தனர். 1782ஆம் ஆண்டில் மாத்திரம் இத்துறை சனவரியில் ஆங்கிலேயர் கைக்கும், ஓகஸ்டிற் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறிற்று. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் பிடித்துக்கொண்டனர். இவர்களுட் பெரும்பாலோர் இங்கே வாணிகம் செய்ய வந்தாரல்லர். மற்றவர் வந்து தங்காதபடி காவல் காக்க வந்தனர். காவற்காரன் குடியிருக்கும் வீட்டில் கடை வளர்வதில்லை.

வணிகன் விரும்புவது ஆழமான நீரை மட்டுமன்று. துறைக்குப் பின்னால் ஏற்றுமதிக்குரிய விளைச்சல் நிலமும், அதை இணைக்கும் வழியும் அவனுக்கு வேண்டும். சென்னைக்கு இயற்கைத் துறைமுகமே இல்லை. ஆயினும் அங்கே வாணிகம் பெருகியது. கொழும்பும் அலை மோதும் திறந்த கரையாகவே இருந்தது. ஆனால், மலைநாட்டுக் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் அது வாயிலாக அமைந்தது. கண்டிக்கு 1867இல் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885இல் அது முடிந்தது. கல்லைக் கொட்டிச் செய்த செயற்கைத் துறைமுகம் நாட்டின் வாணிகத்தை எடுத்துக்கொண்டது. திருகோணமலைக்கு இருப்புப் பாதை வந்ததோ 1927இல். அப்பொழுது பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது.

வாணிகம் இப்பகுதியில் ஒருபோதும் இல்லாமலும் இருந்ததில்லை. ஆனால் அது கோட்டையின் நிழலில் நடக்கவில்லை. மகாவலி கங்கை கடலிற் கலக்கும் கொட்டியாரக் குடாவின் கரையில் நடந்தது. 1659ஆம் ஆண்டின் இறுதியிற் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை வெட்டியெறிந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், புதிய மரம் நாட்டுவதற்கும், பரங்கிப்பேட்டை வணிகரின் துணிகளை இறக்கி விற்பதற்கும் அங்கேயே வந்தது. அதன் தலைவரையும் மகன் றொபேட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். மகன் 1679இல் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றி எழுதி வெளியிட்ட நூலை உலகம் அறியும். அவரது சிறைவாசத்தைப் பலரும் பேசுகின்றனர். கரையிறங்கிய துணி மூட்டைகளைப் பேசுவாரில்லை. சோழமண்டலக் கரையின் துணி கொட்டியாரத்திற் சந்தை தேடிற்று என்ற செய்தி அம்மூட்டைகளில் இருக்கின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியிற் சந்தை என்பது கூரையும் சட்டமும் உடைய இடமாயிற்று. திறந்தவெளியில் மீனும் இறைச்சியும் விற்பதைத் தடுத்து, தூய்மையையும் நிறைகோலையும் மேற்பார்வை செய்து, கடைகளைக் குத்தகைக்கு விட்டு வருவாய் பெறும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களைச் சார்ந்தது. இதே காலத்தில் மற்றைத் துறைமுகப் பட்டணங்கள் சந்தைக்கென்று மாளிகைகளையே எழுப்பின. சிங்கப்பூரின் தெலோக் ஆயர் சந்தை 1894இல் வார்ப்பிரும்புத் தூண்களோடு எண்கோண வடிவில் எழுந்தது. சென்னையின் மூர் மார்க்கெட் 1900இல் திறக்கப்பெற்று, 1985இல் தீக்கிரையாயிற்று. அவை வாணிகத்தின் செழுமையைக் காட்டப் பிறந்தவை. திருகோணமலைச் சந்தைக்கு அத்தகைய கோபுரமும் இல்லை, தூணும் இல்லை. அது அடுப்பெரிவதற்காக ஏற்பட்டது.

கடற்படை ஊருக்குச் சம்பளம் தந்தது; அதை மறுப்பதற்கில்லை. துறைமுகப் பட்டறைகளில் வேலை செய்தோர் சந்தையிற் காசை அவிழ்த்தனர். ஆனால் படைத்தளம் தரும் காசு படையோடு வந்து படையோடு போவது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேற் குண்டு வீசின. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்து நீங்கியது. எண்ணெய்க் குதங்கள் காட்டினுள் நின்றன. சந்தை தன்னிடம் எஞ்சியிருந்த பழைய உறவினரையே நம்பவேண்டியதாயிற்று: வயலும் பட்டியும் வலையும்.

அந்த உறவுகளும் சோதனைக்குள்ளாயின. போர்க் காலத்தில் மீனவர் கடலுக்குச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். நேரமும் தூரமும் அளந்து விடப்பட்டன. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர்க் கரைகளை அழித்தது. அதன்பின் சில காலம் கடல்மீனை உண்ணவே மக்கள் மனம் கூசினர். 2006 ஏப்ரல் 12ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்குச் சாமான் வாங்க மக்கள் நெருங்கி நின்ற வேளையில், மத்திய வீதி மரக்கறிச் சந்தையிற் குண்டு வெடித்தது. உயிர்கள் பலியாயின. சிறிது நேரத்துக்குள் வன்முறைக் கும்பல்கள் வீதியில் இறங்கின. தமிழர் கடைகள் பல எரிக்கப்பட்டன. மேலும் பலர் உயிரிழந்தனர். மூன்று விளிகளும் ஒன்றாய்க் கேட்ட இடத்தில் எந்த மொழியும் கேட்கவில்லை. கோட்டையைப் பிடித்தவர்கள் பலர். அவர்களுள் எவரும் ஊரின் நெஞ்சில் இவ்வாறு கை வைத்ததில்லை.

ஆயினும் சமைக்காமல் ஊர் இருக்க முடியாது. வெங்காயம் வேண்டியவரும் வெங்காயம் விற்கவேண்டியவரும் மறுபடி எதிரெதிரே வந்து நிற்கத்தான் வேண்டும். முதலிற் பேச்சுக் குறைவாக, விலை மட்டும் கேட்டு வாங்கினர். பேரம் பேசுதல் பிற்பாடு வந்தது. பேரம் பேசுவதற்கு நம்பிக்கை வேண்டும் என்பதை அக்காலத்தில் அங்கே நின்று பார்த்தோர் அறிவர்.

2009 ஒக்டோபரிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் கிண்ணியாவிலிருந்து வருவோர் ‘பாதை’ என்று அப்பகுதியார் அழைக்கும் மிதவையில் ஏறி நீரைக் கடந்தனர். மூதூருக்குச் செல்லும் தரைவழியில் அதற்கப்பாலும் இத்தகைய பாதைகள் பல இருந்தன. மிதவைக்காகக் காத்திருந்த பொழுதில் தயிர் புளித்துவிடும் என்று கவலைப்பட்ட காலம் அது. இப்பொழுது சட்டிகள் முச்சக்கர வண்டிகளிலும் சிறு லொறிகளிலும் வைக்கோலிடையே அடுக்கப்பட்டு, விடியுமுன் பாலத்தைக் கடக்கின்றன. பாலத்தின் மேலிருந்து பார்த்தால் துறைமுகத்தின் பரந்த நீர் தெரியும். பெரும்பாலான நாட்களிற் கப்பல்கள் அதிகமில்லை. தயிர்க்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதுமில்லை. ஏழு மணிக்குமுன் சந்தையிற் சட்டியை இறக்காவிட்டால், வாடிக்கைக்காரர் வேறு கடைக்குப் போய்விடுவர்.