நரம்பியலிற் கலாநிதிப்பட்ட ஆய்வு: ஒஸ்லோ தரும் ஓர் உதாரணம்

மூளையை ஆராயும் துறையிற் கலாநிதிப்பட்டம் பெறுவதென்பது, முன்னரே வகுக்கப்பட்ட வினா ஒன்றுக்குக் குறித்த காலத்துள் விடை எழுதி முடிப்பதே என்ற எண்ணம் பரவலாக உண்டு. இவ்வெண்ணம் எத்துணை பொருந்தும் என்பதை அறிவதற்கு, ஒஸ்லோ பல்கலைக்கழகத்திற் பேர் அன்டர்சன் நடத்திய ஆய்வுகூடத்தின் வரலாறு துணைபுரியும்.

1960களின் நடுப்பகுதியில் தெரியே லோமோ அங்கு கலாநிதிப்பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார். மயக்கமருந்து கொடுக்கப்பட்ட முயலின் மூளையில், ஹிப்போகம்பஸ் பகுதிக்குச் செல்லும் நரம்பிழைகளை மின்னால் தூண்டி, அங்குள்ள கலங்களின் துலங்கலை நுண்ணிய மின்வாய் கொண்டு பதிவுசெய்வது அவர் பணி. அடுத்தடுத்துத் தூண்டும்பொழுது துலங்கல் எவ்வாறு கூடுகின்றது என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. தூண்டல் நின்றதும் துலங்கல் பழைய நிலைக்கு மீளுமென எதிர்பார்த்தல் இயல்பு. அது மீளவில்லை, நெடுநேரம் உயர்ந்தே நின்றது. 1966இல் அவர் இதனை ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார்.

இதன் பொருளை உணர வேறு இரு செய்திகளை நினைவுகூர வேண்டும். ஒருங்கே செயற்படும் கலங்களுக்கிடையே இணைப்பு வலுப்பெறுதலே கற்றலின் அடிப்படையாகலாமென டொனால்ட் ஹெப் 1949இலேயே கருதியிருந்தார். ஹிப்போகம்பஸின் பெரும்பகுதி இருபுறமும் அகற்றப்பட்ட நோயாளி புதிய நினைவுகளைப் பதிக்க இயலாதவரானதை 1957இல் ஸ்கோவிலும் மில்னரும் விவரித்தனர். கருத்து இருந்தது, இடமும் தெரிந்திருந்தது. அங்கு இணைப்பு உண்மையில் நீடித்து வலுப்பெறுகின்றதென்பதற்கான சான்றே வேண்டியிருந்தது.

1968இல் இங்கிலாந்திலிருந்து வந்த டிம் பிளிஸ், லோமோவுடன் இணைந்து பரிசோதனைகளை முறைப்படி நடத்தினார். அவர்களின் கட்டுரை 1973இலேயே வெளிவந்தது. 18 முயல்களில் 15இல் துலங்கல் 30 நிமிடம் முதல் 10 மணித்தியாலம் வரை உயர்ந்து நின்றதென அது கூறுகின்றது. எஞ்சிய மூன்றையும் மறைக்காது எண்ணிக் காட்டியமை ஆய்வு மாணவர் கவனிக்கத்தக்கது. லோமோவோ 1969இற் பட்டம் பெற்றபின் நரம்புக்கும் தசைக்குமிடையிலான தொடர்பை ஆராயச் சென்றுவிட்டார்.

பிற்காலத்தில் அன்டர்சனிடம் வந்த மே-பிரிட், எட்வர்ட் மோசர் இணையர், எலிகளின் இடநினைவைச் சோதிக்கும் நீர்ப்புதிர்த் தொட்டி ஒன்றை முதலில் அமைக்க வேண்டியிருந்தது. கருவியைத் தாமே அமைத்தலும் இத்துறையிற் கல்வியின் ஒரு பகுதியே. 1995இற் பட்டம் பெற்ற இவர்கள், 2014இல் ஜோன் ஓகீஃபுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்தனர்.

இன்று நோர்வேயிற் கலாநிதிப்பட்ட மாணவர் பெரும்பாலும் ஊதியம் பெறும் ஊழியர். ஆய்வுக்காலம் மூன்று ஆண்டுகள். கற்பித்தற் கடமையும் சேரின் நான்கு. வசதியற்ற குடும்பத்தவரும் ஆய்வில் இறங்க வழிசெய்வதால் ஊதியமுறை வரவேற்கத்தக்கதே. காலவரையறையைப் பற்றி அவ்வாறு கூற இயலவில்லை. 1966ஆம் ஆண்டுக் குறிப்புக்கும் 1973ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் இடைப்பட்டவை ஏழு ஆண்டுகள். அக்குறிப்போ மாணவர் எடுத்துக்கொண்ட வினாவுக்குரிய விடையுமன்று.