தக்காளிச் செடிக்கு ஊன்றுகோல்

அவரைக்கு ஒரு கொம்பு நட்டால் அது தானே சுற்றிக்கொண்டு ஏறிவிடும். புடலும் பாகலும் தம் பற்றுக்கம்பிகளால் பந்தலைப் பிடித்துக்கொள்ளும். தக்காளிக்கோ சுற்றும் தண்டும் இல்லை, பற்றுக்கம்பியும் இல்லை. பாரி வள்ளலின் தேரையே அருகில் நிறுத்தினாலும் அது தானாக ஏறிப் படராது. நாம் கட்டிவிட்டாலன்றி நிமிர்ந்து நில்லாது.

தென் அமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட தக்காளியின் தண்டு, தரையில் சாய்ந்து படரும் இயல்புடையது. சாய்வதால் செடிக்குப் பெருங்கேடில்லை. மண்ணைத் தொட்ட தண்டிலிருந்து புது வேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். கேடு காய்க்குத்தான், ஆகவே நமக்குத்தான். ஈர மண்ணில் கிடக்கும் காய் அழுகும். மழைத்துளி தரையில் மோதித் தெறிக்கையில், மண்ணிலுள்ள பூசண வித்துக்கள் கீழிலைகளில் ஒட்டி இலைக்கருகல் நோயை உண்டாக்கும். காய்த்துக் குலுங்கும் செடி ஐப்பசி மழையில் சாய்ந்துவிடுமானால், இரண்டு மாத உழைப்பு சில நாட்களில் வீணாகும்.

ஊன்றுகோலை நாற்று நடும் அன்றே நட்டுவிட வேண்டும். செடி சாய்ந்த பின்னர் நட்டால், பரவிய வேர்கள் அறுபடும். 6 அடி நீளமுள்ள மூங்கிற் கழியோ சவுக்குக் கம்போ போதுமானது. நாற்றிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, 1 அடி ஆழம் இறங்குமாறு அதனை ஊன்றுக.

கட்டுவதற்கு நனைத்த வாழைநாரோ பழந்துணிக் கிழிசலோ ஏற்றது. மெல்லிய கம்பி தண்டை அறுத்துவிடும். முதலில் நாரைக் கொம்பில் இறுகச் சுற்றி, பின்பு 8 என்னும் எண்ணின் வடிவில் குறுக்கிட்டுத் தண்டைத் தளர்வாக வளைத்துக் கட்டுக. தண்டு பருப்பதற்கு ஒரு விரல் நுழையும் இடம் வேண்டும். செடி முக்கால் அடி வளருந்தோறும் ஒரு கட்டுப் போடலாம். பூங்கொத்துக்கு ஒட்டினாற்போல் கட்டலாகாது. காய் பருக்கும்போது அதன் காம்பு நெரியும்.

நேயர்கள் தத்தம் செடியின் வகையறிந்து நடத்தல் வேண்டும். ஓயாமல் உயர்ந்து வளரும் வகையில், இலைக்கக்கத்தில் தோன்றும் பக்கக் கிளைகளை விரல் நீளம் வருமுன் கிள்ளிவிட்டு, ஒன்றிரண்டு தண்டுகளை மட்டும் கொம்பில் ஏற்றலாம். ஓரளவுக்குமேல் உயராத புதர்வகையில் கிளைகளைக் கிள்ளினால் விளைச்சலே குறையும். அதனைச் சுற்றி 3 குறுங்கொம்புகள் நட்டுக் கயிறு சுற்றினால் போதும். எவ்வகையாயினும் இலைகளை மிகுதியாகக் களைதல் கூடாது. நிழலிழந்த காய் கடும்வெயிலில் வெந்து வெளுக்கும்.

அறுவடை முடிந்ததும் கொம்புகளைப் பிடுங்கி, ஒட்டிய மண்ணைக் கழுவி, வெயிலில் நன்கு காயவைத்து எடுத்து வைக்கவும். அடுத்த பருவத்துக்கும் அவையே உதவும்.