பழைய காரில் மின்பழுது தேடும் முறை

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்ஜிபி போன்ற பழைய கார்களில் முகப்பு விளக்கு மங்கினாலோ இண்டிகேட்டர் சிமிட்டாமல் நின்றாலோ, உடனே புதுக் கருவியை வாங்கிப் பொருத்துவது பலரின் வழக்கம். ஆனால் இத்தனை ஆண்டுகள் ஓடிய வண்டியில் கருவியைவிட, அதற்கு மின்னோட்டம் சென்று திரும்பும் பாதையே முதலில் ஐயத்துக்குரியது.

பேட்டரியிலிருந்து ஒயர் வழியாகப் பல்பை அடையும் மின்னோட்டம், திரும்பும்போது காரின் எஃகு உடலையே வழியாகக் கொள்கிறது. அவ்வுடலோடு சேரும் இணைப்பே ‘எர்த்’ எனப்படுகிறது. அந்த இணைப்பின் திருகடியில் துருவோ பெயின்ட்டோ புகுந்துவிட்டால் அங்கே தடை உருவாகிறது. 12 வோல்ட்டில் 48 வாட் விளக்கு 4 ஆம்பியர் எடுக்கும்; அதன் பாதையில் அரை ஓம் தடை சேர்ந்தாலே விளக்குக்கு ஏறத்தாழ 10 வோல்ட்தான் எஞ்சும், வெளிச்சமோ பாதியளவுக்குக் குறைந்துவிடும். எர்த் முற்றிலும் அறுந்தால் மின்னோட்டம் அடுத்த பல்பின் வழியே திரும்ப முயலும்; பின்விளக்கைப் போட்டதும் இண்டிகேட்டர் மங்கலாக எரிவது இதன் தெளிவான அடையாளம்.

இத்தகைய பழுதைத் தேடுவோரை மல்டிமீட்டரின் ஓம் அளவீடு ஏமாற்றக்கூடும். பல இழைகள் அறுந்து ஓரிழை மட்டுமே எஞ்சிய ஒயரும் மீட்டர் செலுத்தும் மிகச் சிறிய மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதால், அது நல்ல ஒயராகவே தோன்றும். ஆகவே விளக்கை எரியவிட்டு, மீட்டரை வோல்ட் நிலையில் வைத்து, அதன் ஒரு முனையைப் பல்பின் எர்த் பக்கத்திலும் மறுமுனையை உடலோடு சேரும் பேட்டரி முனையிலும் தொட்டு அளப்பதே நம்பத்தக்க வழியாகும். நல்ல இணைப்பில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இராது; ஒரு வோல்ட் காட்டினால், அப்பாதையில் ஒவ்வோர் இணைப்பாக நகர்ந்து அளந்து, இழப்பு எங்கே நேர்கிறது என்று கண்டு, அவ்விடத்தை உலோகம் பளபளக்கும்வரை தேய்த்துத் திருகை இறுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து விளக்குக்கு வரும் பக்கத்தையும் இவ்வாறே அளக்கலாம். அங்கே ஒயர்கள் சந்திக்கும் குண்டு வடிவ உலோக முனைகளும் அவற்றைப் பற்றும் உறைகளும் கறுத்துப்போவதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஒயர்களின் நிறங்களும் இத்தேடலுக்குத் துணை நிற்கின்றன. பழுப்பு ஒயரில் சாவி இல்லாதபோதும் மின்சாரம் இருக்கும். வெள்ளை ஒயருக்குச் சாவியைத் திருப்பினால் வரும். பச்சை அதே மின்சாரத்தை ஃபியூஸ் வழியாகப் பெறுகிறது. கறுப்பு எர்த்துக்குச் செல்கிறது. 1967 வரை வந்த எம்ஜிபியில் பேட்டரியின் நேர்முனையே எர்த். பின்னர் ஆல்டர்னேட்டர் பொருத்தப்பட்ட வண்டிகளில் எதிர்முனை எர்த் ஆயிற்று. இதை அறியாமல் பேட்டரியைத் திருப்பி மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் கருகிவிடும்.

ஃபியூஸ் மாற்றும்போது கூடுதல் கவனம் தேவை. அக்காலப் பிரிட்டிஷ் ஃபியூஸில் பொறிக்கப்பட்ட 35 என்பது அது உருகும் ஆம்பியர் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியரே. இன்றைய ஃபியூஸில் உள்ள எண் தொடர்ந்து தாங்கும் அளவைக் குறிப்பதால், அதே 35-ஐத் தேடிப் பொருத்தினால் ஃபியூஸுக்கு முன் ஒயர் தீப்பற்றக்கூடும். 15 அல்லது 17 ஆம்பியர் ஃபியூஸையே பொருத்துக.