சிறிய சிலிண்டர் பவர்: அலட்சியத்துக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: கான்டாக்ட் லென்சுக்கும் மூக்குக்கண்ணாடி லென்சுக்கும் விதிக்கப்பட்டு வந்த ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால், கான்டாக்ட் லென்ஸ் அணிவோரில் ஒரு பிரிவினரின் சிக்கல் விலையோடு முடிவதில்லை. லேசான பார்வைச் சிதறல் குறைபாடு, அதாவது அஸ்டிக்மாட்டிசம் உள்ளவர்களே அவர்கள். கண்ணாடிக் கடைகளில் இதற்குச் 'சிலிண்டர் பவர்' என்று பெயர்.

கருவிழியின் முன்பரப்பு பந்தைப் போல எல்லாத் திசையிலும் ஒரே அளவில் வளைந்திருந்தால், ஒளிக்கதிர்கள் விழித்திரையில் ஒரே புள்ளியில் குவியும். அது கோழிமுட்டையின் பக்கவாட்டைப் போல ஒரு திசையில் அதிகமாகவும் மற்றொரு திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால், ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு குவியங்கள் உருவாகும். 1825ஆம் ஆண்டில் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி, தமது இடக்கண்ணில் இருந்த இக்குறையை அளந்து, உருளை வடிவக் கண்ணாடி செய்வித்து அணிந்தார். எனவே இது இன்று நேற்று கண்டறியப்பட்ட குறை அல்ல, தீர்வும் புதிதல்ல.

கணக்கில் மறையும் பவர்

ஒருவருக்கு மைனஸ் 2.00 பவரும், அதனுடன் மைனஸ் 0.75 சிலிண்டரும் இருப்பதாகக் கொள்வோம். மூக்குக்கண்ணாடியில் இரண்டும் சேர்த்தே சரிசெய்யப்படுகின்றன. சாதாரண கான்டாக்ட் லென்சில் சிலிண்டர் கிடையாது. ஆகவே, சிலிண்டரின் பாதியை முதல் பவரோடு கூட்டி, மைனஸ் 2.25 அல்லது 2.50 லென்ஸ் தரப்படுகிறது. இந்தச் சமரசத்தில் இரு திசைகளிலும் சிறிதளவு மங்கல் மிஞ்சுகிறது.

பகல் வெளிச்சத்தில் பார்வை அட்டையின் எழுத்துகளை இவர் பெரும்பாலும் படித்துவிடுவார். சோதனையில் தேறியவராகவே கருதப்படுவார். சிக்கல் வெளிப்படுவது இரவில். இருளில் கண்ணின் பாவை விரிவதால் மங்கல் கூடுகிறது. எதிர்வரும் வாகன விளக்குகள் கோடுகளாக நீள்கின்றன. கணினித் திரையில் எழுத்தின் ஓரத்தில் நிழல் படிகிறது. சிலருக்கு மாலையில் கண் களைப்பும் தலைவலியும் வருகின்றன. லென்ஸ் உலர்ந்துவிட்டது என்று எண்ணிச் சொட்டு மருந்து விட்டுக்கொள்வோரும் உண்டு.

மென்மையான லென்ஸ் கருவிழியின் மீது படிந்து அதே வடிவத்தை ஏற்றுக்கொள்வதால், கோணலை அது மறைப்பதில்லை. காற்று ஊடுருவும் கெட்டி லென்ஸ் தன் வடிவத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது. அதற்கும் கருவிழிக்கும் இடையில் நிரம்பும் கண்ணீரே கருவிழியின் கோணலைச் சமன்செய்துவிடுகிறது. மென்மையான லென்சே வேண்டுமென்றால் 'டோரிக்' லென்ஸ் உண்டு. அதில் இரு திசைகளுக்கும் இரு பவர்கள். கண்ணில் அது சுழலாமலிருக்க அடிப்பகுதி கனமாகவோ, ஓரங்கள் மெல்லியதாகவோ அமைக்கப்படுகின்றன. 10 டிகிரி சுழன்றாலே திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். 30 டிகிரி சுழன்றால் மிஞ்சும் குறை, பழைய குறையின் அளவுக்கே வந்துவிடும். எனவே கண்ணில் பொருத்திப் பார்த்தே இதைத் தர முடியும்.

இத்தகைய லென்சுகள் பெரும்பாலும் 0.75 சிலிண்டரிலிருந்தே தொடங்குகின்றன. 0.25, 0.50 அளவில் உள்ள பலருக்குச் சாதாரண லென்சே போதுமானது. அதற்கு மேல் உள்ளவர்களுக்கு டோரிக் தேவையா என்பதை அவர்களிடம் விளக்கி முடிவெடுக்க வேண்டும். விலை கூடுதல், இருப்பு இல்லை என்ற காரணங்களால் கடைக்காரர் தாமே முடிவெடுப்பது முறையன்று.

வித்துராவிலிருந்து நகரம் வரை

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையடிவாரத்தில் உள்ளது வித்துரா. 2008இல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் திருவனந்தபுரம் வளாகம் இங்குதான் அமைந்துள்ளது. அதே வட்டாரத்தில் காணி பழங்குடிக் குடியிருப்புகளும் மலைத் தோட்டங்களும் இருக்கின்றன. மண்டல கண் மருத்துவ நிறுவனம் இருப்பதோ, நெடுமங்காடு வழியே ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவிலுள்ள தலைநகரில். லென்ஸ் பொருத்தி, சுழற்சி பார்த்து, மாற்றித் தருவதற்கு ஒரு முறைக்கு மேல் செல்ல நேரும்போது, பேருந்துக் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியையும் இழக்க முடியாதவர்களே முதலில் பின்வாங்குகிறார்கள். வளைந்து நெளியும் மலைச் சாலையில் இரவில் வண்டி ஓட்டுவோருக்கு, விளக்கு கோடாக நீள்வது சிறு குறை அல்ல.

1976இல் தொடங்கப்பட்ட தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசக் கண்ணாடி வழங்குகிறது. 2013இல் வந்த குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் வரம்பு 18 வயது. கல்லூரி மாணவரும் இளம் தொழிலாளரும் இவ்விரு வலைகளுக்கும் வெளியே நிற்கிறார்கள். கான்டாக்ட் லென்சை நாடுவோரில் பெரும்பகுதியினரோ இவ்வயதினரே.

அறிவும் சந்தையும்

மென்மையான லென்சின் வரலாறே ஒரு பாடம். செக்கோஸ்லோவாகியா விஞ்ஞானி ஓட்டோ விக்டர்லே, 1961 கிறிஸ்துமஸ் காலத்தில், குழந்தைகளின் இயந்திர விளையாட்டுப் பொருட்களையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு வீட்டிலேயே லென்ஸ் வார்க்கும் கருவியை உருவாக்கினார். உரிமம் அமெரிக்க நிறுவனத்துக்குச் சென்றது. 1971இல் அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் கிடைத்தது. 1968 சீர்திருத்த இயக்கத்தை ஆதரித்த விக்டர்லேயோ தம் நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பை இழந்தார். கண்டுபிடித்தவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. பொருள் மட்டும் உலகச் சந்தையாயிற்று.

உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது. அதில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் சரிசெய்யப்படாதது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. கண் பரிசோதகர்களின் கல்வியையும் பதிவையும் முறைப்படுத்த நாடாளுமன்றம் 2021இல் சட்டம் இயற்றியது. வட்ட மருத்துவமனை தோறும் பயிற்சி பெற்ற ஒருவர் அமரும்போதுதான் அச்சட்டம் வித்துராவை எட்டியதாகப் பொருள். அதுவரை லென்ஸ் வாங்குவோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பரிசோதனைச் சீட்டில் சிலிண்டரும் அச்சும் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்து, அவை வாங்கும் லென்சில் இல்லையெனில், ஏன் என்று கேட்க வேண்டும்.