பிடித்தலும் விடுத்தலும்

நற்செய்தி நூல்களில் வலையைப் பற்றிய பேச்சு பலமுறை வருகின்றது. தூண்டிலைப் பற்றிய பேச்சோ ஒரே ஒரு முறைதான் வருகின்றது. கோவில் வரி கேட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக, கடலில் தூண்டில் போட்டு முதலில் அகப்படும் மீனின் வாயைத் திறந்து பார்க்கும்படி ஆண்டவர் புனித இராயப்பரைப் பணித்தார் என்று மத்தேயு தம் நூலின் 17-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். படகு நிறைய அள்ளிப் பழகிய மீனவரை ஆண்டவர் அன்று ஒரே ஒரு மீனுக்காக அனுப்பினார். அந்த மீனின் வாயில் இருவருக்கும் ஆன வரி இருந்தது. அதற்கு மேல் ஒரு காசும் இல்லை.

வலை அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு வரும். தூண்டிலோ ஒவ்வொன்றாகவே எடுக்கும். ஆதலால் தூண்டில்காரனுக்கு வலைக்காரனுக்கு எளிதில் வாய்க்காத ஓர் உரிமை உண்டு. கையிலெடுத்த மீனைப் பார்த்து, இதைக் கொள்வதா, மீண்டும் நீரில் விடுவதா என்று அவன் எண்ணிப் பார்க்கலாம். இன்று உலகின் பல கடற்கரைகளில் மீனைப் பிடிப்பதற்கென்றே பெருஞ்செலவு செய்து போய், பிடித்த மீனை அப்படியே விட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் இதைக் கேட்டால் நகைப்பார்கள். ஆனால் நகைத்துவிட்டுப் போவதற்கு முன் சற்று எண்ணிப் பார்ப்பது நல்லது. அதில் நாம் ஒதுக்க வேண்டியதும் உண்டு. நம் ஏரிக்கரைக்குக் கொண்டு வர வேண்டியதும் உண்டு.

இறகால் கட்டிய இரை

நம் சிறுவர்கள் தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கை அமிழ்வதை நோக்கிக் காத்திருக்கிறார்கள். மேற்சொன்னவர்களின் முறை வேறு. அவர்கள் இரை எதுவும் கோப்பதில்லை. முள்ளின்மேல் இறகையும் நூலையும் மயிரையும் சுற்றி, ஈயைப் போலவோ சிறு இறாலைப் போலவோ பொய்யிரை ஒன்றைக் கட்டுகிறார்கள். அதற்கு எடையே இல்லை. ஆகவே கனமான கயிற்றைக் கழியால் முன்னும் பின்னும் வீசி, அந்தக் கயிற்றின் வேகத்தால் இரையை மீனின் முன்னே மெல்ல விழச் செய்கிறார்கள்.

இது புதிய கலையன்று. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் என்ற உரோமை எழுத்தாளர், மாசிதோனிய நாட்டு ஆறொன்றில் மக்கள் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததைக் குறித்திருக்கிறார். 1496-இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று பன்னிரண்டு வகைப் பொய் ஈக்களைக் கட்டும் விதத்தைக் கூறுகிறது. அதை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியர் மடத்துத் தலைவி என்பது மரபு.

தமிழகத்துக்கு இக்கலை ஆங்கிலேயரோடு வந்தது. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் தம் நாட்டு டிரௌட் மீனை வளர்க்க அவர்கள் ஆசைப்பட்டார்கள். 1860-களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே முயன்றார், கைகூடவில்லை. பின்னர் சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறையைச் சேர்ந்த எச். சி. வில்சன் என்பவரின் உழைப்பால், 1907-இல் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டு, வானவில் டிரௌட் அந்த மலையில் வேரூன்றியது.

அக்காலத்தவருள் நாம் நினைக்க வேண்டிய மற்றொருவர் சென்னை மாகாண அரசு அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ். இந்திய ஆற்று மீன்களைத் தூண்டிலிடுவது பற்றி 1873-இல் ஒரு நூல் எழுதிய அவர், நம் நாட்டுக் குளங்களிலும் ஏரிகளிலும் தூண்டில் போடுவதற்கென்றே 1887-இல் தனியாக மற்றொன்றும் எழுதினார். விளையாட்டாக மீன் பிடித்தவரே, குஞ்சு மீன்களை அள்ளி அழிப்பதையும் நீரில் நஞ்சு கலப்பதையும் கண்டித்து அரசுக்கு எழுதியவர். பிரான்சிஸ் டேயும் அவ்வாறே எச்சரித்தார். 1897-இல் இயற்றப்பட்ட இந்திய மீன்வளச் சட்டம், வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது.

கண்ணாடி உடல் கொண்ட மீன்

இக்கலையில் ஈடுபட்டோர் இன்று உலகெங்கும் தேடித் திரிகிற மீன்களுள் ஒன்று போன்பிஷ் எனப்படுவது. உடலெங்கும் நுண்ணிய முட்கள் நிறைந்திருப்பதால் அப்பெயர். பெரும்பாலும் ஓரிரு கிலோ எடைதான். அதன் வெள்ளிச் செதில்கள் கண்ணாடியைப் போல் சுற்றியுள்ள மணலின் நிறத்தையே காட்டுவதால், முழங்கால் ஆழ நீரிலும் அதைக் காண்பது அரிது. கடல் ஏறும் வேளையில் மணல்திட்டுக்கு வந்து, தலையைக் கவிழ்த்து இறாலையும் நண்டையும் கிளறித் தின்னும். அப்போது வால் மட்டும் நீருக்கு மேலே மின்னும். முள் பட்டதும் அது ஓடுகிற ஓட்டத்தில் நூறு மீட்டர் கயிறும் நொடிகளில் உருவிப் போய்விடும்.

பஹாமாஸ், கியூபா, பெலிஸ், அமெரிக்காவின் புளோரிடா, வெனிசுவேலாவின் லாஸ் ரோக்கெஸ் தீவுகள் ஆகியவை இதற்குப் பெயர் பெற்றவை. நம் இந்துமாக் கடலில் செய்ஷெல்ஸ் நாட்டின் அல்போன்ஸ் தீவுப் பகுதியும், மொரீஷியஸ் நாட்டைச் சேர்ந்த செயின்ட் பிராண்டன் திட்டுகளும் இருக்கின்றன. இவ்விரு நாடுகளிலும் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள்.

இந்த மீனின் பிறப்பு வியப்புக்குரியது. கரையோரத்தில் மேய்கிற மீன்கள் பருவத்தில் கூட்டமாகத் திரண்டு, நிலவின் நாளறிந்து ஆழ்கடலுக்குச் சென்று முட்டையிடுகின்றன. பொரிந்த குஞ்சு நாடாவைப் போல் ஒளி ஊடுருவும் உருவத்தோடு வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து, பிறகு கரையை அடைந்து மீனாக உருமாறுகிறது. ஆகவே ஓரிடத்தில் பிடிக்கும் தாய் மீன், எங்கோ ஒரு கரையில் வளர வேண்டிய குஞ்சுகளுக்கும் தாயாகும்.

விட்டதால் பிழைத்தவர்கள்

பெலிஸ் நாடு 2009-இல், இம்மீனைப் பிடிப்பவர் விட்டுவிடவே வேண்டும் என்று சட்டம் செய்தது. புளோரிடாவில் 2013-இல் அவ்வாறே விதித்தார்கள். காரணம் கருணை மட்டுமன்று. ஒரு மீனை விற்றால் ஒரு நாள் கூலிதான். விட்டால் அது மீண்டும் மீண்டும் வெளிநாட்டாரை அழைத்து வரும். அதனால் படகோட்டிக்கும் வழிகாட்டிக்கும் ஆண்டு முழுவதும் பிழைப்பு உண்டு.

பசிபிக் மாகடலில் கிரிபாட்டி என்ற சிறு நாடு இருக்கிறது. 1979-இல் விடுதலை பெற்ற அந்நாட்டு மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். அதன் பெருந்தீவாகிய கிரிடிமாட்டிக்குக் கிறிஸ்துமஸ் தீவு என்றும் பெயர். 1777-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் பெருவிழாவுக்கு முந்திய நாளில் கேப்டன் குக் அங்கு வந்ததால் அப்பெயர் ஏற்பட்டது. 1957, 1958 ஆண்டுகளில் பிரிட்டனும், 1962-இல் அமெரிக்காவும் அணுக்குண்டுகளை வெடித்துச் சோதித்த இடம் அது. குண்டுச் சத்தம் அடங்கிய அந்தத் தீவுக்கு இன்று உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருவது போன்பிஷ்ஷுக்காக. தீவின் ஆடவர் பலர் அவர்களுக்கு வழிகாட்டிப் பிழைக்கிறார்கள்.

அதே நாட்டின் தலைநகரத் தீவான தராவாவில் கதை வேறு. அங்கே இம்மீனை இகாரி என்பார்கள். அது மக்களின் அன்றாட உணவு. முழுநிலவையொட்டி மீன்கள் முட்டையிடக் கடலுக்குப் போகும் தடங்களை முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். பிற்காலத்தில் வலைகள் பெருகின. அந்தத் தடங்களிலேயே சினை மீன்களைக் கூட்டம் கூட்டமாக வாரினார்கள். தீவுகளை இணைக்கப் போட்ட பாதைகள் மீன்களின் வழியை அடைத்தன. ராபர்ட் ஜோஹன்னஸ் என்ற கடல் அறிஞரும் அவருடைய தோழரும் முதிய மீனவர்களிடம் கேட்டு எழுதியபோது, அந்தத் தடங்களுள் பெரும்பாலானவை அற்றுப்போயிருந்தன. ஏழைகளின் உணவுதான் முதலில் போயிற்று.

இரு பக்கமும் கூர்மையான கேள்வி

சரி, விளையாட்டுக்காக ஓர் உயிரை முள்ளில் மாட்டி அலைக்கழித்து, பிறகு விடுவதில் அறம் என்ன இருக்கிறது? நேர்மையான கேள்வி இது. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதற்கு இரண்டு அளவுகோல்களைத் தருகிறது. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாது என்பது ஒன்று. மனிதரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்காகச் செலவிடுவதும் தகாது என்பது மற்றொன்று. பல இலட்சம் செலவிட்டுத் தீவு தீவாகப் பறந்து, நிழற்படம் எடுப்பதற்காக மீனை வெயிலில் உயர்த்திப் பிடிப்பவர் இவ்விரண்டின் முன்னும் தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும். விட்ட மீனெல்லாம் பிழைப்பதும் இல்லை. களைத்துச் சோர்ந்த மீனைச் சுறா பின்தொடரும். அதனால்தான் விவரம் அறிந்தவர்கள் கொக்கி நாக்கு இல்லாத முள்ளைப் பயன்படுத்தி, கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரைவிட்டு எடுக்காமலே விடுவிக்கிறார்கள்.

உண்பதற்காக மீன் பிடிப்பதைத் திருச்சபை ஒருநாளும் தவறென்று கூறியதில்லை. உயிர்த்த ஆண்டவரே கரையில் தீ மூட்டி, மீன் சுட்டுத் தம் சீடருக்குக் காலையுணவு அளித்ததை அருளப்பர் எழுதியிருக்கிறார். ஆகவே அந்தப் பயணிகளின் பொழுதுபோக்கை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. அவர்களிடம் கற்க வேண்டியது ஒன்றே: கையில் அகப்பட்ட எல்லாம் என்னுடையதல்ல என்ற எண்ணம்.

நம் ஏரியில் ஒரு தாய்

இந்த எண்ணம் உத்திரமேரூருக்குப் புதிதா? பல்லவர் காலத்தில் வயிரமேக தடாகம் என்று பெயர் பெற்ற நம் பேரேரியைக் காக்க, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஏரி வாரியம் இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. குடவோலை எடுத்து அறுவரை அந்த வாரியத்துக்குத் தேர்ந்தார்கள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்க்கும் அவர் உறவினர்க்கும் இடமில்லை. ஏரி ஊருக்குப் பொது. பொதுவானதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

அந்த ஏரியின் விராலைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் கோரைப்புல் ஓரத்தில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே வந்து மூச்சு வாங்கும். அவற்றின் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். இதை அறிந்த தூண்டில்காரர் குஞ்சுத் திரளின் நடுவே தவளையைக் கோத்த முள்ளை இறக்குகிறார். பெரிய விரால் பாய்ந்து கவ்வுகிறது. பசியால் அன்று; பிள்ளைகளை நெருங்கிய பகையை விரட்டுவதற்காக. அதன் அன்பே அதற்கு முள்ளாகிறது. காவல் போன குஞ்சுகளைக் கெளுத்தியும் நாரையும் சில நாளில் தீர்த்துவிடுகின்றன. ஒரு நாள் குழம்புக்காக ஓர் ஆண்டின் விரால் கூட்டம் போகிறது. தராவாவில் நிலவொளியில் நடந்தது நம் கோரைப்புல் ஓரத்திலும் நடக்கிறது.

இணைச் சட்டம் எனப்படும் உபாகம நூலின் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய கட்டளை உண்டு. வழியில் பறவைக்கூட்டைக் கண்டால், குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்காதே, தாயைப் போகவிடு என்று மோயீசன் பணிக்கிறார். அதைக் காப்பவருக்குத் தரும் வாக்குறுதி என்ன? நலமும் நீடிய வாழ்வும். தாய் தந்தையரை மதிக்கும் நான்காம் கட்டளைக்குத் தந்த அதே வாக்குறுதி! பெற்றோரைப் போற்றுவதும், குஞ்சோடிருக்கும் தாயை விடுவதும் இறைவன் முன்னிலையில் ஒரே குடும்ப அறத்தின் இரு கிளைகள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில், பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் பிரித்துப் பார்க்கலாகாது என்று உணர்த்தியதும் இதையே.

விடுத்தல் என்பதைச் சடங்காகக் கொள்ள வேண்டா. கோடையில் ஏரி வற்றிக் குட்டையாகும்போது, அங்கே துடிக்கும் கெண்டையை விடுவதால் பயனில்லை. அது ஊரார் உண்ண வேண்டிய உணவு. எதை, எப்போது விடுவது என்று அறிவதே அறம். மழைக்காலத்தில் குஞ்சோடிருக்கும் விராலை விடுங்கள். புதுவெள்ளத்தில் எதிர்நீரேறி வரும் சினை மீனைக் கலங்கலில் மறித்து வாராதீர்கள். கொசுவலையை ஏரிக்குக் கொண்டு போகாதீர்கள். அது நாளைய மீனையும் அரித்துவிடும். நீரில் மருந்து கலப்பவரும் வெடி எறிபவரும் அண்டை வீட்டுக் குழந்தையின் தட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்பதை உணருங்கள். மீன் பாசி குத்தகை எடுத்திருப்பவர் நம் பங்கைச் சேர்ந்தவராயின், அவர் வலையின் கண் அகலத்தில் அவருடைய மனச்சான்றும் தெரியும்.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கி மீன் வாங்கும் தாய்மார்களுக்கும் ஒரு சொல். வாங்கும் மீன் கையளவு வளர்ந்ததா, குஞ்சா என்று பாருங்கள். குஞ்சை வாங்குவார் இல்லையேல் பிடிப்பாரும் இல்லை. உங்கள் சிறுவன் ஏரியிலிருந்து வெறுங்கையோடு வந்து, குஞ்சோடு இருந்தது, விட்டுவிட்டேன் என்று சொன்னால், அன்று அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். ரசம் வைத்துச் சோறு போட்டு, அவன் செய்ததைத் தந்தையிடம் சொல்லி மகிழுங்கள். மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் ஓராண்டு சொல்லித் தருவதை அவன் அன்றே கற்றுக்கொண்டு வந்திருக்கிறான்.