யாருக்கு எந்தப் புத்தகம்?

கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனால் நமக்கு எத்தனை நிதானம்! நாத்தனாருக்கு அரக்கு நிறம் ஆகாது. பெரியம்மாவுக்கு ஜரிகை கனத்தால் தோள் வலிக்கும். மாமியாருக்கு எடுப்பதைக் காட்டிலும் ஓரகத்திக்கு எடுப்பது நூறு ரூபாயாவது குறைவாக இருக்க வேண்டும். இப்படி ஒவ்வொருவர் முகத்தையும் மனக்கண் முன் நிறுத்தி, கடைக்காரர் மலை மலையாக எடுத்துப் போட்ட பிறகுதான் ஒன்றைத் தொடுகிறோம். அதே நாம் புத்தகக் கடைக்குள் நுழைந்தால் என்ன செய்கிறோம்? "நல்லதாக நாலு புத்தகம் கொடுங்கள்" என்கிறோம். யாருக்கு நல்லது என்று கடைக்காரரும் கேட்பதில்லை; நாமும் சொல்வதில்லை.

ஊரைக் குற்றம் சொல்லவில்லை. நானே சில வருஷங்களுக்கு முன், சென்னையில் 1977 முதல் நடந்து வருகிறதே, அந்தப் புத்தகக் காட்சிக்குப் போய், 'பரிசு பெற்றது' என்று அட்டையில் போட்டிருந்ததையெல்லாம் அள்ளிக் கொண்டு வந்தேன். தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது. அத்தனையில் இரண்டைத்தான் வீட்டில் யாராவது திறந்து பார்த்தார்கள். ஒரு தடித்த புத்தகம் இன்றைக்கும் எங்கள் சமையலறை ஜன்னல் காற்றில் அடித்துக் கொள்ளாதபடி காவல் காக்கிறது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். குற்றம் புத்தகத்தினுடையது அல்ல. ஆளைப் பாராமல் வாங்கிய என்னுடையது.

அதற்குப் பிறகு முறையை மாற்றிக் கொண்டேன். முதலில் ஆள், பிறகுதான் புத்தகம். இங்கே சொல்லப் போவதெல்லாம் எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கொடுத்துப் பார்த்துப் பலித்தவை. புதிய புத்தகம் என்றால் நேற்று அச்சேறியது என்று எண்ண வேண்டாம். 2011 முதல் வந்தவற்றைத்தான் புதியவை என்கிறேன். 'பொன்னியின் செல்வ'னோடு நின்றுவிட்ட வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அவர்களுக்கு இவை புத்தம் புதியவைதானே?

முதலில் என் அத்தையின் கதையைச் சொல்லி விடுகிறேன். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, பழுப்புக் காகித அட்டை போட்டு வைத்தவர். இப்போது கண்புரை எடுத்த பிறகும் எழுத்து கலங்குகிறது. அவருடைய பேத்தி எட்டாவது படிக்கிறாள். பள்ளியில் இரண்டாவது பாஷை வேறு. தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டி, இரண்டு வரி போவதற்குள் கொட்டாவி விடுவாள். ஒருத்தியிடம் பாஷை இருக்கிறது, கண் இல்லை. இன்னொருத்தியிடம் கண் இருக்கிறது, பாஷை இல்லை.

இந்த இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நான் கொண்டு போன புத்தகம் பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. 2015-ல் இனி எழுதுவதில்லை என்று அறிவித்திருந்தவர் அவர். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்த பிறகு மறுபடி எழுத வந்தபோது, மனிதரை விட்டு ஓர் ஆட்டைக் கதாநாயகியாக்கிக் கொண்டு வந்தார். காட்டோரத்து ஏழைக் கிழவன் கிழவியிடம் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கறுப்புக் குட்டி வந்து சேருகிறது. அது பிழைக்குமா, வளருமா, அதற்கு என்ன வாழ்வு என்பதுதான் கதை. சின்னப் புத்தகம், வாக்கியங்களும் சின்னவை.

முதல் நாளே ரகளை. "பாட்டி, மேலே வெள்ளாடு என்று போட்டிருக்கிறது, உள்ளே குட்டி கறுப்பு என்கிறார்கள். இதில் எது பொய்?" என்று கேட்டாள் பேத்தி. அத்தை சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. வெள்ளாடு என்பது நிறத்தின் பெயரல்ல, ஜாதியின் பெயர், செம்மறி வேறு, வெள்ளாடு வேறு என்று ஆரம்பித்து, தன் பிறந்த வீட்டுக் கொல்லையில் கட்டியிருந்த ஆடு வரைக்கும் போய்விட்டார். அன்றைக்குப் படித்தது இரண்டே பக்கம். பிறகு நாலு, ஆறு என்று ஏறியது. குட்டிகளையெல்லாம் கொண்டு போய்ப் பதிவு செய்து காது குத்திக் கொண்டு வர வேண்டும் என்று ஓர் இடம் வருகிறது. கூட்டத்தில் ஜனங்கள் நின்று நின்று அலுப்பதைக் கேட்டு, "ரேஷன் கார்டு மாற்றப் போனபோது நான் பட்ட பாடு இதேதான்" என்றார் அத்தை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஆட்டுக் கதை என்பதால் குழந்தைக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். சில இடங்கள் மனத்தைப் பிசையும். பதின்மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். அந்த வயதிலும் பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தால் நல்லது.

எங்கள் வீட்டுக்காரர் கதை படிக்காத ஜாதி. 'யாரோ கற்பனையில் அழுததற்கு நான் ஏன் கண்ணைக் கசக்க வேண்டும்?' என்பது அவர் கட்சி. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கத்தானே செய்வார்? ஜெயமோகனின் 'அறம்' இவர்களுக்கென்றே வந்தது. அதன் கதைகள் எல்லாம் வாழ்ந்த மனிதர்களை வைத்து எழுதியவை. முதல் கதையிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. 'சோற்றுக்கணக்கு' என்ற கதையைப் பிரித்து வைத்துவிட்டு நகர்ந்து விடுங்கள். திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப் என்றொருவர் சாப்பாட்டுக் கடை நடத்தினார். காசு கேட்க மாட்டார். உண்டியல் இருக்கும், முடிந்ததைப் போடலாம், போடாமலும் போகலாம். பசியோடு நகரத்துக்குப் படிக்க வந்த ஒரு பையனுக்கு அவர் எப்படிப் பரிமாறினார் என்பது கதை. மேலே சொல்ல மாட்டேன். அன்றிரவு எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டு, எனக்கு அவரே ரசம் ஊற்றினார். முப்பது வருஷ இல்லறத்தில் அது முதல் தடவை.

அதே புத்தகத்தில் 'யானை டாக்டர்' என்ற கதை டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்ற வனத்துறைக் கால்நடை மருத்துவரைப் பற்றியது. கோடை விடுமுறைக்கு மலைப்பக்கம் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் குடும்பத்தோடு படித்துவிட்டுப் போகலாம். குடித்துவிட்டு எறிகிற கண்ணாடிப் புட்டி காட்டில் என்ன செய்யும் என்று அதில் வருகிறது. வெளிநாட்டில் வளர்ந்து தமிழ் எழுத்தே தெரியாத பேரன் பேத்திகள் இருந்தால் மனம் தளர வேண்டாம். 'அறம்' பிரியம்வதா ராம்குமாரின் மொழிபெயர்ப்பில் 2022-ல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. 'பூனாச்சி'யையும் ந. கல்யாணராமன் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார்.

சித்திக்குத் துப்பறியும் கதை இல்லாவிட்டால் தூக்கம் வராது. ஆனால் அந்தக் கதைகளில் பெண் பிள்ளைகள் ஒன்று பிணமாகக் கிடப்பார்கள், இல்லாவிட்டால் வீல் என்று அலறுவார்கள் என்று அவருக்கு ஒரு குறை. அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது. துப்பறிவது சுதா குப்தா என்ற நடுத்தர வயதுக் குடும்பத் தலைவி. பம்பாய் வீடு, புருஷன், பெண், சமையல் எல்லாம் உண்டு. அதற்கு நடுவில் துப்பும் துலக்குகிறாள். மூன்று நீண்ட கதைகள். துப்பாக்கிச் சத்தத்தை எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். மனிதர்கள் ஏன் வீட்டை விட்டுப் போகிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்பதில்தான் சுவாரஸ்யம்.

ராஜா, போர், காதல், காடு என்று விரிந்தால்தான் புத்தகம் என்பவர்களுக்கு சு. வெங்கடேசனின் 'வீரயுக நாயகன் வேள்பாரி'. 2016 தொடங்கி 2018 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. படம் போட்டவர் மணியம் செல்வன். 'கல்கி'யில் பொன்னியின் செல்வனுக்குப் படம் போட்ட மணியத்தின் புதல்வர்தான் அவர் என்பதைச் சொன்னாலே, பழைய வாசகர்கள் புத்தகத்தைக் கையில் வாங்கிக் கொள்கிறார்கள். இரண்டு பாகம், ஆளுக்கு ஒரு பாகமாக எடுத்தால் சண்டை வரும். இரண்டாம் பாகத்தைப் பீரோவில் பூட்டி வையுங்கள்.

சங்கீதக் கச்சேரிக்குத் தவறாமல் போகிறவர்களுக்கு எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' நாவலைக் கொடுக்கலாம். கரிசல் பூமியின் நாதஸ்வரக் கலைஞர்களின் வாழ்வு. 2018-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அடுத்த கல்யாணத்தில் கெட்டிமேளத்தின்போது உங்கள் கண் மணமேடையை விட்டு வாசிக்கிறவர் பக்கம் போகும்.

நாய் வளர்க்க வேண்டும் என்று அழிச்சாட்டியம் செய்யும் பையன் இருக்கிறானா? எங்கள் அண்ணா வீட்டில் ஒருவன் இருக்கிறான். நாய்க்குப் பதிலாக சு. தியடோர் பாஸ்கரனின் 'இந்திய நாயினங்கள்' வாங்கிக் கொடுத்தேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் ஊர் நாய்களுக்கு இத்தனை சரித்திரமா என்று எனக்கே வியப்பாகிவிட்டது. விளைவு என்னவோ விபரீதம்தான். முன்னே 'ஏதாவது ஒரு நாய்' என்றவன், இப்போது 'சிப்பிப்பாறைதான் வேண்டும்' என்கிறான். அண்ணி என்னோடு பேசுவதில்லை.

பத்து வயதுக் குழந்தைகளுக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியின் பழங்காலத்துச் சிறுவன் ஆதன் இக்காலத்துப் பையன் ஒருவனுக்குத் தோழனாகிறான். ஆதன் என்ற பெயரே கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் கீறியிருந்த பெயர். 2023-ல் பால சாகித்திய விருது பெற்றது. மதுரைப் பக்கம் போகிறவர்கள் புத்தகத்தைப் படித்த கையோடு கீழடி அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போங்கள். குழந்தை உங்களுக்கு விளக்கம் சொல்லிக் கொண்டு வரும்.

இன்னொரு குழந்தைப் புத்தகத்தை அவசியம் குறிப்பிட வேண்டும். எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020-ல் அதே விருதைப் பெற்றது. நம் வீட்டுக் கொலுப்படி மரப்பாச்சிதான் பேசுகிறது. எதைப் பற்றி என்றால், நாம் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழுங்கி விழுங்கி நாளைக் கடத்துகிறோமே, அதைப் பற்றி. பெரியவர் ஒருவர் தகாத விதத்தில் தொட்டால் குழந்தை என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பயமுறுத்தாமல் கதையாகச் சொல்கிறது. என் பெண் சிறுமியாக இருந்த காலத்தில் இப்படி ஒரு புத்தகம் இல்லை. 'யார் மடியிலும் உட்காராதே' என்று காரணம் சொல்லாமல் அதட்டினேன்; அவள் காரணம் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். முதலில் தாங்கள் தனியாகப் படித்துவிட்டு, பிறகு குழந்தையோடு சேர்ந்து படியுங்கள். கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடாதீர்கள்.

இமையத்தின் 'செல்லாத பண'த்தைச் சிபாரிசு செய்வதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. மகிழ்ச்சி தரும் புத்தகம் அல்ல. இன்ஜினீயரிங் படித்த ரேவதி, வீட்டாரின் எதிர்ப்பை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். கதையின் பெரும் பகுதி புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் நடக்கிறது. பெற்றவர்களிடம் பணம் இருக்கிறது. அது எதையும் வாங்க உதவவில்லை. 2020-க்கான சாகித்திய அகாதெமி பரிசு இதற்குத்தான் கிடைத்தது. யார் பக்கம் நியாயம் என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் விட்டிருப்பது அதன் பலம். வார்டுக்கு வெளியே காத்திருக்கும் பெண்கள் பேசுகிற பேச்சு நம் காதுக்குப் பழக்கமான பேச்சு. அதனால்தான் இரவில் படிக்காதீர்கள் என்கிறேன்.

அதை மாடி வீட்டு மாமி வாங்கிக் கொண்டு போனார். தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட பெண்ணோடு எட்டு மாதமாகப் பேச்சு இல்லாதவர். அது நினைவுக்கு வந்தபோது எனக்குத் திக்கென்றது. நாலாம் நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டு வந்தார். "ஏன் இதைக் கொடுத்தாய்?" என்று கோபமாகவே கேட்டார். நான் பேசாமல் நின்றேன். "நேற்று அவளுக்குப் போன் செய்தேன். வெறும் சௌக்கியமா என்றுதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

இத்தனையையும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று கணக்குப் போடுகிறீர்கள், தெரிகிறது. வேண்டியதில்லை. சென்னைவாசிகளுக்கு எழும்பூரில் 1896 முதல் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்திருக்கிறது. முதலில் அங்கே புரட்டிப் பாருங்கள். இரண்டாம் முறை எடுக்கத் தோன்றுவதை மட்டும் கடையில் வாங்குங்கள்.

அத்தை வீட்டுச் செய்தி பாக்கி இருக்கிறது. 'பூனாச்சி' முடிய ஏழு வாரம் ஆயிற்று. அடுத்ததாக 'அற'த்தை எடுத்துக் கொண்டு போனேன். அத்தை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டார். "இது கொஞ்ச நாள் இருக்கட்டும். இப்போது வேறொன்று படித்துக் கொண்டிருக்கிறோம்" என்றார். என்னவென்று பார்த்தால், கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி திறந்து கிடக்கிறது. மாமா வடக்கே உத்தியோகத்தில் இருந்தபோது எழுதிய இன்லண்டு கடிதங்கள், கட்டுக் கட்டாக. மாமா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவர் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பேத்தி மூக்கைச் சுளித்துக் கொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறாள். நான் போனபோது மூன்றாவது கடிதத்தில் இருந்தார்கள். "பாட்டி, 'எண்ணெய் தேய்த்துக் கொள்ளாமல் இருக்காதே' என்று எழுதியிருக்கிறார். இதைப் போய் யாராவது கடிதத்தில் எழுதுவார்களா?" என்று கேட்டாள். "மேலே படி" என்றார் அத்தை.